ஒதுக்கப்பட்ட இரண்டு இருக்கைகள்

சூசை அண்ணை இறந்துவிட்டார் என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் ஹென்னிங். பழைய நகர ரயில் பெட்டி ஒன்றைப் பழுதுபார்த்துப் பேணுகிற சங்கத்தின் தலைவர் அவர். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அண்ணை அந்தப் பெட்டிக்குள் யன்னல் சட்டம் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாராம். அம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லையாம். அவருடைய மனைவி திரேசா அக்காவுக்கு டெனிஷ் அவ்வளவாக விளங்காது, நீ போய்ச் சொல்வாயா என்று ஹென்னிங் அழுதுகொண்டே கேட்டார். சொல்கிறேன் என்று வைக்கப் போனேன். மறுபடியும் குரல் கேட்டது. "இன்னொன்று. இடது பக்க யன்னல்களுக்கான அளவுப் பலகையை அவர் எங்கே வைத்தார் என்று உனக்குத் தெரியுமா?"

இந்த ஆட்களைப் பற்றி நான் ஏன் ஒரு நல்ல வார்த்தை எழுதுவதில்லை என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். திரேசா அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, நல்லவர் வல்லவர் எண்டு எழுதாதேங்கோ. அவருக்கு அது பிடியாது. நடந்ததை எழுதுங்கோ." ஆகையால் ஹொல்ஸ்டெப்ரோவிலும் டோஸ்ட்ருப்பிலும் அவரோடு பழகியவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை எழுதினால் அதில் கோபம்தான் அதிகம் இருக்கும்.

மன்னாரில் அவர் பாடசாலைப் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளும் மேசைகளும் செய்து கொடுத்த தச்சர். அகதியாக இந்த நாட்டுக்கு வந்தபோது முதலில் ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரில் விட்டார்கள். பிறகு டோஸ்ட்ருப்புக்கு வந்து, என்னோடு ரயில் பணிமனையில் ரயில் கழுவினார். ஒருநாள் உடைமாற்றும் அறையில் கதவு கழன்று தொங்கிய மரப் பெட்டகம் ஒன்றை, ஆணியே அடிக்காமல் நிமிர்த்தி வைத்தார். பணிமனைக் காரியாலயத்தில் வேலை பார்த்த ஹென்னிங் அதைக் கண்டுவிட்டார். உன்னுடைய நாட்டிலும் ரயில் உண்டா, உனக்கும் பழைய ரயில் என்றால் ஆசையா என்று கேட்டிருக்கிறார்.

"ஓம் எண்டிட்டன் தம்பி," என்றார் அண்ணை என்னிடம். "எங்கட தலைமன்னார்க் கோச்சி ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை, எனக்கு அதைக் கண்ணிலயும் காட்டக்கூடாது எண்டு சொன்னால் மனிசன் அழுதிடுவான் போல கிடந்தது."

அப்படித்தான் அவர் அந்தக் கூட்டத்துக்குள் போனார். அவரைத் தேடி நானும் சில ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கொட்டகைக்குப் போயிருக்கிறேன். வளர்ந்த ஆண்கள் பதினைந்து பேர். பாவனையிலிருந்து நீக்கிய ஒரு பெட்டியின் இருக்கையை முகர்ந்து பார்த்து, "அதே வாசனை" என்று கண்கலங்குவார்கள். மோட்டார் சத்தத்தைக் கசெற்றில் பதிந்து, கோப்பி குடித்தபடி போட்டுக் கேட்பார்கள். வெளிப்பூச்சின் வைன் சிவப்பு ஒரு பிடி கருமையாக இருக்க வேண்டுமா என்று அவர்கள் இரண்டு மாதம் சண்டை பிடித்ததை நானே பார்த்தேன். அந்தப் பெட்டி உண்மையில் ஓடிய காலத்தில் அதில் ஏறியவர்கள் குளிரில் விறைத்து, நெரிசலில் நசிந்து வேலைக்குப் போன சனங்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் இவர்களுக்குத் தெரியாது. நசிந்த சனங்களைக் கழுவித் துடைத்து வெளியே விட்டுவிட்டுப் பித்தளைக் கைபிடியை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய காலம் நல்ல காலம் என்றார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வரும்.

அதே நாட்களில் அண்ணைக்கு இருந்த கவலை வேறு. மனைவியையும் ஒரே மகள் ஜெசிந்தாவையும் இங்கே கூப்பிட அவர் விண்ணப்பித்திருந்தார். சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. ஆனால் எங்களுடைய கோப்புகள் அமைச்சில் எங்கோ ஒரு மேசை லாச்சிக்குள் அசையாமல் கிடந்தன. ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அமைச்சரே அவற்றைச் சட்டத்துக்கு மாறாகப் பிடித்துவைக்கச் சொன்னார் என்பதை இப்போது நாடே அறிந்து, தமிழர் வழக்கு என்று பெயரும் வைத்தாயிற்று. பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஜெசிந்தாவுக்கு அப்போது பதினாறு. அண்ணை ஒவ்வொரு மாதமும் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதி அதில் டெனிஷ்காரர் பத்துப் பதினைந்து பேர் கையெழுத்து வைத்தால் அசையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவருக்குத் தெரிந்த டெனிஷ்காரர் அந்தப் பதினைந்து பேர்தான். சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு என்னையும் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். உதவி கேட்பவன் முந்திக்கொண்டு கேட்கமாட்டான். எல்லாருடைய விடயமும் முடியட்டும் என்று அண்ணை மூன்று மணித்தியாலம் பேசாமல் இருந்து, நிகழ்ச்சி நிரலின் கடைசியில் "பிற விடயங்கள்" என்று வந்ததும் எழுந்து நின்றார். நான் மொழிபெயர்த்தேன். எல்லாரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள்.

ஹென்னிங் மிகவும் அன்பாகச் சொன்னார்: "பிற விடயங்களின் கீழ் எதைப் பற்றியும் பேசலாம். ஆனால் எதையும் தீர்மானிக்க முடியாது. பதினான்கு நாட்களுக்கு முன் எழுத்தில் தந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் பார்ப்போம்."

அடுத்த வருடம்! கூட்டம் நடந்த வீட்டின் வாசலில் வைத்தே நான் கொதித்தேன். அண்ணை கொதிக்கவில்லை. சங்கத்தின் சட்டதிட்டமான யாப்பையும், பெட்டி ஓடும்போது பின்பற்ற வேண்டிய ஓட்ட விதிகளையும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினார். "இது அவங்கட வேதம் தம்பி. அவங்களிட்ட வேதத்தைக் காட்டித்தான் கேக்கோணும்."

அடுத்த வருடம் வந்தது. ஜெசிந்தாவுக்குப் பதினேழு. அண்ணை பதினான்கு நாட்களுக்கு அல்ல, ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்திருந்தார். சிவப்பு நிறத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசி முடித்துவிட்டு இந்த விடயத்துக்கு வந்தார்கள். விண்ணப்பம் முறைப்படி தரப்பட்டிருக்கிறது என்று முதலில் எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு ஹென்னிங் யாப்பின் இரண்டாம் பிரிவை வாசித்தார். சங்கத்தின் நோக்கம் பழைய ரயில் பெட்டிகளைப் பேணுதல். இது அந்த நோக்கத்துக்குள் அடங்காது. சங்கம் அரசியலில் தலையிடுவதில்லை. வாக்கெடுப்புக்கு விட முடியாது. இப்போது கோப்பி.

நான் எழுந்து வெளியே போனேன். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பி எட்டிப் பார்த்தால், அண்ணை குசினியில் அவர்களுடைய கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் பெண்டில் பிள்ளையைக் கூப்பிட வந்தனீங்களோ, இவங்கட கோப்பை கழுவ வந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"இவங்களுக்குப் பொருளை நேசிக்கத் தெரியும் தம்பி. ஆளை நேசிக்கப் பழக்கோணும். நான் பழக்கிறன்."

"பழக்கி முடிய உங்கட மகள் கிழவியாகிப் போவாள்."

சொன்ன வாயை அப்போதே மூடியிருக்கலாம். மூடவில்லை. அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரும்" என்றார். அதன் பிறகு மூன்று மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிட்டார் என்று நினைத்தேன். அவரையும் சேர்த்தே இகழ்ந்தேன்.

அந்தக் கோடையில் பெட்டி தயாராயிற்று. பெட்டியில் நீண்ட காலம் வேலை செய்த உறுப்பினர் ஒருவர், ஓர் இருக்கைக்குத் தாம் விரும்பிய பெயர் பொறித்த பித்தளைத் தகடு பதிக்கலாம் என்பது சங்கத்தின் வழக்கம். அநேகர் தங்கள் பெயரையோ இறந்துபோன தகப்பனின் பெயரையோ போட்டார்கள். மர வேலை முழுவதையும் செய்தவர் என்று அண்ணைக்கு இரண்டு இருக்கைகள் கொடுத்தார்கள். அவர் இரண்டு தகடு செய்வித்துக்கொண்டு வந்தார். ஒன்றில்: "ஒதுக்கப்பட்டது. திரேசா சூசைப்பிள்ளை, மன்னார். வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கிறார்." மற்றதில்: "ஒதுக்கப்பட்டது. ஜெசிந்தா சூசைப்பிள்ளை, வயது 17, மன்னார். வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கிறார்."

ஹென்னிங்கின் முகம் பெட்டியின் நிறத்துக்கு வந்ததாம். "இது அரசியல் அல்லவா?"

"அரசியல் இல்லை. இருக்கை," என்று அண்ணை தமக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னார். பிறகு ஓட்ட விதிகளை எடுத்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒதுக்கப்பட்ட இருக்கையில் உரியவர் வரும் வரை வேறெவரும் அமரலாகாது. அதை விளக்குவது வண்டிக் காப்பாளரின் கடமை. அந்த விதியை எழுதியவரே ஹென்னிங். வண்டிக் காப்பாளரும் அவரே. ஒரு கிழமை முழுவதும் தேடியும் அதற்கு மாறான விதி ஒன்று அகப்படவில்லை.

முதல் ஓட்டத்தன்று அண்ணை எனக்கு ஒரு சீட்டு அனுப்பியிருந்தார். ரோசத்தை விட்டுப் போனேன். பெட்டியில் நிற்க இடமில்லை. நடுவில் இரண்டு இருக்கைகள் வெறுமையாக இருந்தன. பருத்த மனிதர் ஒருவர் தொப்பென்று ஜெசிந்தாவின் இடத்தில் இருந்தார். பழைய சீருடையும் தொப்பியும் போட்ட ஹென்னிங் ஓடி வந்தார்.

"எழும்புங்கள். அது ஒதுக்கப்பட்டது."

"யாருக்கு?"

"இலங்கையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு."

"அவள் ஏன் வரவில்லை?"

அரசியலில் தலையிடாத ஹென்னிங் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு, விண்ணப்பம் கொடுத்தாயிற்று என்றும் பதில் வரவில்லை என்றும் முணுமுணுத்தார். "ஏன் வரவில்லை?" என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டார். மூன்றாம் ஓட்டத்தில் ஹென்னிங், விண்ணப்பித்து எத்தனை மாதம் என்பதைப் பிசகில்லாமல் சொன்னார். கோடை முடிவில், அமைச்சின் பெயரைச் சொல்லும்போது அவருடைய குரல் உயர்ந்தது. இரக்கம் வந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. விதிப்படி செய்ய வேண்டிய ஒன்றை அமைச்சு செய்யாதது அவருக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அண்ணையோ அந்த முதல் ஓட்டத்தன்றே, கூட்டத்தின் மறு முனையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியிருந்தார்.

அதனால் ஒரு கோப்பும் அசையவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். லாச்சி திறந்தது, ஜெசிந்தா பதினெட்டை முடித்து ஐந்தாவது கிழமையில். மனைவிக்கு அனுமதி. மகள் இப்போது பிள்ளை அல்ல, ஆகவே அவருக்கு இல்லை. பிள்ளை வளரும் வரை கோப்பைப் பிடித்து வைத்திருந்துவிட்டு, பிள்ளை வளர்ந்துவிட்டது என்று எழுதினார்கள். அண்ணை உடைமாற்றும் அறையில் நின்று கடிதத்தை வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"தம்பி சொன்னது சரியாய்ப் போச்சு," என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலுக்குப் போனார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் வேறு இல்லை.

ஜெசிந்தாவைக் கொழும்பில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விட்டுவிட்டுத் திரேசா அக்கா வந்தார். வந்த மாதமே அண்ணை அவரை அந்தப் பெட்டியில் ஏற்றினார். ஹென்னிங் தொப்பியைக் கழற்றி வணங்கி, திருப்புளியால் அக்காவின் தகட்டைக் கழற்றினார். உரியவர் வந்துவிட்டால் தகட்டை எடுத்துவிட வேண்டும், அதுவும் விதி. எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா கைப்பையை மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்து இருக்கையில் அதைக்கூட வைக்கவில்லை.

அண்மையில் இந்த விவகாரத்தால் அரசாங்கமே பதவி விலகியபோது, பணிமனையில் ஒருவர் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். அவர் நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவையின்ட கதிரை எல்லாம் ஒரே நாளில காலியாம். என்ர பிள்ளையின்ட கதிரையும் காலியாத்தான் கிடக்கு." அது நடந்து சில கிழமைகளில் அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு ஹென்னிங்கின் ஆட்கள் வைன் சிவப்பு நாடா கட்டிய மலர்வளையத்தோடு வந்தார்கள். "சூசை பழைய ரயில்களை நேசித்தார்" என்று ஹென்னிங் பேசினார். பொய் என்று கத்த எழுந்தேன். திரேசா அக்கா என் கையைப் பிடித்து இருத்தினார். முடிந்த பிறகு ஹென்னிங் அக்காவிடம் ஒரு கடிதம் கொடுத்தார். பெட்டி ஓடும் காலம் வரை ஜெசிந்தாவின் இருக்கை வேறெவருக்கும் கொடுக்கப்படமாட்டாது என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. "இம்முறை முறையான விடயமாகவே எடுத்தோம்," என்றார் அவர் என்னிடம். "பிற விடயங்களின் கீழ் அல்ல."

ஆக, இந்த நாட்டில் ஜெசிந்தாவுக்கு ஓர் இடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஒரு ரயில் பெட்டியில், கோடையில் சில ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும். மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம்.

அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய பித்தளை மினுக்கும் துணியும் அரை டப்பா மெருகுப் பூச்சும். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்குப் போகிறேன். அந்த ஒரு தகட்டைத் துடைக்கிறேன். வேறு எதையும் தொடுவதில்லை. அளவுப் பலகை ஜெசிந்தாவின் இருக்கைக்குக் கீழேதான் இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்லவில்லை. போன கிழமை ஹென்னிங் பக்கத்தில் வந்து நின்று, அவளுக்கு இப்போது இருபத்திரண்டு அல்லவா, தகட்டில் வயதைத் திருத்த வேண்டாமா என்று கேட்டார். பிழையான தகவல் பெட்டியில் இருப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை.

வேண்டாம் என்றேன். அவர்களைப் போலவே நானும் ஒரு பழைய பொருளை அப்படியே வைத்துப் பேணுகிறவனாகிவிட்டேன். அதற்காக என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதினேழை ஒவ்வொரு கிழமையும் துடைக்கிறேன். அது மங்க நான் விடமாட்டேன்.