காப்புக் கட்டிய கை

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் நாவுலயில் சொந்தமாக மிளகுக் கடை போட்டேன், ஆட்டோ வாங்கினேன். இயேசுவைப் பற்றி நான் பேசினால் போகிற பஸ்ஸும் நின்று கேட்கும்!

அந்தத் தைரியத்தில்தான் பக்கத்து வீட்டுப் பார்வதியிடம் போனேன். மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்த அவள் கணவர் மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் கையில் மாரியம்மனுக்குக் கட்டிய மஞ்சள் காப்பு.

"அதை அவுத்துப் போடும்மா, இயேசு சுகம் தருவார்" என்றேன்.

"அவரு உசுருக்காகக் கட்டினது அண்ணே. அம்மன் தேர்த் திருவிழா முடியுறதுக்குள்ள அவுக்கச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை ஆட்டோவை அவள் வாசலில் நிறுத்தி, "ஏறும்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். வழி முழுக்க நான் வாய் திறக்கவில்லை.

"என்ன அண்ணே, ஒடம்புக்கு முடியலையா? சத்தத்தையே காணோம்" என்று சிரித்துவிட்டாள்.

கட்டிலருகே போனதும் அவளே சொன்னாள்: "உங்க சாமிகிட்டயும் இவருக்காக ஒரு வார்த்தை கேளுங்கண்ணே."

அவர் கையை நான் ஒரு பக்கம் பிடித்து மெல்ல ஜெபித்தேன். மறு பக்கம் காப்புக் கட்டிய கை பிடித்திருந்தது.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அவர்கள் கவலையைத்தான் கேட்கிறேன். கேட்பதிலும் என்னை மிஞ்ச நாவுலயில் ஆள் கிடையாது!