படம் வரட்டும், அப்புறம் ஆபரேஷன்

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முட்டுக்காடு படகுத்துறை தாண்டியதும் என் நண்பன் குணசேகரன் தன் டூரிஸ்ட் வேனை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டான். சட்டை முழுக்க வேர்வை. பின்சீட்டில் மாமல்லபுரம் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பம். வெறும் வாயுதான் என்று அவர்களைச் சமாளித்திருக்கிறான். நல்லவேளை, அதில் ஒரு பெண் நர்ஸ். அவர் வாயுவை நம்பவில்லை... நேராக ஆஸ்பத்திரி.

இதயக் குழாயில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர்.

குணா என்ன செய்தான் தெரியுமா? மாத்திரையை வாங்கிக்கொண்டு திருவிடந்தையில் உள்ள தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். படம் ரிலீசாகட்டும், முதல் நாள் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன் என்று டாக்டரிடமே சொன்னானாம்.

எந்தப் படம் என்று கேட்கிறீர்களா? மூன்று பாகச் சரித்திர நாவல் ஒன்று படமாகிறது. பெயரைச் சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். செங்கல்பட்டில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் குணாவும் நானும் ஆளுக்கொரு பாகமாக மாற்றி மாற்றிப் படித்தது. நான் அதோடு விட்டேன். அவன் விடவில்லை. சவாரிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் வேனிலேயே படிப்பான். மனசுக்குள் அவனே நடிகர்களைத் தேர்வு செய்து வைத்திருந்தான். படம் வராமலே இழுத்ததில், வயதாகிவிட்டதென்று மூன்று ஹீரோக்களை அவனே மாற்ற வேண்டியதாயிற்று!

டிரெய்லர் வந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். ராணிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஊர் பேர் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டுவான். இதில் ரத்த அழுத்தம் எப்படிக் குறையும்?

அவன் மனைவி அமுதா எனக்கு போன் செய்தாள். வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். போனேன்.

வாசலிலேயே குணா, “இன்னா மச்சான், அவ இட்டாந்தாளா?” என்றான்.

படம் எங்கே ஓடிப்போகிறது, ஆபரேஷன் முடிந்து பார்க்கலாமே என்றேன். அமுதா காதில் விழுமோ என்று உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“மயக்க மருந்து குட்த்து நெஞ்ச பொளக்கறான். நான் முழிக்கலன்னா? ராணி கலங்கரை வெளக்க அணைக்கிற எடத்த பாக்காமயே பூடுவேன்டா.”

எதிரிக் கப்பல்கள் பாறையில் மோதட்டும் என்று ராணி விளக்கை அணைக்கும் கட்டம் அது. வருகிற கப்பலில் அவள் தம்பியும் இருப்பான். அதைப் படிக்கும்போதெல்லாம் குணாவுக்கு அழுகை வரும். ஆனால் அன்று அவன் கண்ணில் இருந்தது ராணியில்லை. பயம். அவனுக்கு என்ன உத்தரவாதம் தர என்னால் முடியும்?

அதற்குப் பிறகு நானும் ரிலீஸ் தேதியை எண்ண ஆரம்பித்துவிட்டேன். போன் அடித்தால் திக்கென்றது. ராத்திரியெல்லாம் அவன் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று தான் பார்த்துக்கொண்டே படுத்திருப்பதாக அமுதா சொன்னாள். ஊரே டிக்கெட்டுக்குப் பரபரத்தது... எங்களுக்கு வேறு பரபரப்பு.

டிக்கெட் புக்கிங் திறக்க வேண்டிய வாரத்தில் வந்தது அறிவிப்பு. கிராபிக்ஸ் வேலை முடியவில்லை — படம் அடுத்த வருஷம்.

ரசிகர்கள் கொதித்தார்கள். திட்டாத ஆளில்லை. குணா மட்டும் யாரையும் திட்டவில்லை. டாக்டருக்கு போன் போட்டு, அடுத்த வருஷம் வரைக்கும் தாங்குமா என்று கேட்டிருக்கிறான். ஆபரேஷன் செய்துகொண்டால் தாங்கும் என்றார் அவர்.

அவ்வளவுதான். பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டான்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அமுதாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போன நர்சுகள் எவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

“கோவத்துல அந்த புக்க கொளுத்திடலாம்னு இருந்தேண்ணே” என்றாள் அமுதா. “இப்ப அதுக்கோசரம்தான் உள்ள போயிருக்காரு.”

டாக்டர் வெளியே வந்து, நன்றாக முடிந்தது என்றார். அமுதா அழுதாள். நானும்தான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

குணா இப்போது தேறி வருகிறான். காலையில் கடற்கரைப் பக்கம் மெதுவாக நடக்கிறான். மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்குகிறான்.

நேற்று இன்னொரு அறிவிப்பு. கதை பெரியது, ஒரே படத்தில் அடங்காது, இரண்டு பாகமாக வரும், இரண்டாவது அதற்கடுத்த வருஷம்தான் என்று. ரசிகர்களுக்கு மறுபடி ஆத்திரம். எனக்கும்தான். பொறுக்க முடியாமல் குணாவுக்கு போன் செய்தேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அமுதாதான் எடுத்தாள். விஷயத்தைச் சொல்லிப் புலம்பினேன்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நல்லதாப் போச்சுண்ணே. மூணா எடுக்க மாட்டாங்களாமா?”