காய்ப்புழுவை நண்பனாக்கிய படம்

1. சார்ட் திரும்பி வந்தது

நான் வரைந்த சார்ட் ஒன்று, தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் பேச்சியம்மாள் என்ற பருத்தி விவசாயி. பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவருக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தொட்டிருப்பார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. சார்ட்டை மேஜைமேல் விரித்து, வலது பக்கம் இருந்த ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இத வரைஞ்சது யாரு?"

"நான்தாங்க" என்றேன்.

"இவன நண்பன்னு சொன்னீங்களே, கொல்லக் கூடாதுன்னு. நாங்களும் தொடாம விட்டுட்டோம். இங்க பாருங்க, எம்புட்டுக் காயத் தொளைச்சிருக்கான்னு."

மடியிலிருந்து ஏழெட்டுப் பருத்திக் காய்களை எடுத்து சார்ட்டின் மேலேயே போட்டார். ஒவ்வொன்றிலும் ஓட்டை. ஒரு காய்க்குள்ளிருந்து பச்சைப் புழு ஒன்று தலையை நீட்டியது. அது காய்ப்புழு. பருத்திக்கு அதைவிடப் பெரிய எதிரி அப்போது கிடையாது. என் படத்திலிருந்த 'நண்பன்' அச்சு அசலாக அதைப் போலவே இருந்தான்.

நடந்தது இதுதான். நாகமலை புதுக்கோட்டையில் வாடகைக் கட்டடத்தில் இயங்கிய விவசாயிகள் பயிற்சி மையத்தில் எனக்கு ஆர்ட்டிஸ்ட் வேலை. தொண்ணூறுகளின் பிற்பகுதி. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு சார்ட் போட்டோம். இடது பக்கம் பயிரைத் தின்னும் பூச்சிகள். வலது பக்கம் அந்தப் பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சிகள். நல்லவற்றில் முக்கியமானது பொறிவண்டு. அதன் குஞ்சுப்புழு, செடியில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினியை மூச்சு விடாமல் தின்னும்.

அந்தக் குஞ்சுப்புழுவை நான் நேரில் பார்த்ததே இல்லை. வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த ஜெராக்ஸைப் பார்த்துத்தான் போட்டேன். ஜெராக்ஸில் கால்கள் விழவில்லை, நிறமும் தெரியவில்லை. கால் இல்லாமல் வழுவழுவென்று ஒரு கோடு இழுத்து, பூச்சிதானே என்று பச்சை அடித்துவிட்டேன். இடது பக்கத்துக் காய்ப்புழுவுக்குப் புத்தகத்தில் இருந்தபடி பழுப்பு. அந்த வருடம் பேரையூர்ப் பருத்திக் காடுகளில் வந்ததோ பச்சைக் காய்ப்புழு. அதனால் அந்தப் பெண்கள் எதிரியை விட்டுவிட்டு, அசுவினி இருந்த இலைகளில் கருப்பாக ஓடிக்கொண்டிருந்த நிஜமான நண்பனை எதிரி என்று தேடித்தேடி நசுக்கியிருக்கிறார்கள்.

சார்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் திட்ட அலுவலர் தனசேகரன் சார். அதைச் சொல்லி நான் நழுவியிருக்கலாம். பேச்சியம்மாள் முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை. அன்று மத்தியானமே ஜீப்பில் ஆள் போய் ஊர் ஊராகச் சார்ட்டுகளைத் திரும்ப வாங்கினார்கள்.

2. மசிப் பாட்டில்

தனசேகரன் சார் கோபக்காரர் இல்லை. அதுதான் சங்கடம்.

"விடுங்க சரோஜாம்மா. கலர் படம் போட்ட நல்ல புக்கா ஒண்ணு வரவழைக்கிறேன். அதப் பாத்து ட்ரேஸ் பண்ணிருங்க. அடுத்த சீசனுக்குள்ள பிரிண்ட் ஆனாப் போதும்" என்றார்.

ட்ரேஸ் பண்ணுவது எனக்குச் சர்வ சாதாரணம். கண்ணாடி போட்ட மேஜை, அடியில் டியூப்லைட். படத்தைக் கீழே வைத்து, ட்ரேசிங் பேப்பரை மேலே விரித்து, கோட்டின்மேல் கோடு இழுக்க வேண்டியதுதான். பதினான்கு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஃபேனுக்கு அடியில் நாற்காலி. பதினோரு மணிக்கு டீ. யாரும் குறை சொன்னதில்லை. 'சரோஜாம்மா கோடு சுத்தமா இருக்கும்' என்றுதான் சொல்வார்கள்.

அன்று எல்லோரும் போன பிறகு, மேஜையிலிருந்த மசிப் பாட்டிலைப் பார்த்து ஒரு படம் போட்டேன். ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியாது. ஓவியப் பள்ளியில் படித்த காலத்தில் மாட்டுச் சந்தையில் நின்றுகொண்டே மாடுகளை வரைந்தவள் நான். மாடு நகர்ந்தாலும் என் கோடு நிற்காது. இப்போது அசையாத மசிப் பாட்டில் கோணிக்கொண்டது. மூடி ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். மூன்று தாள் கிழித்தேன். நாலாவதும் அப்படியே. அடியில் ஒரு படம் இருந்து வழி காட்டினால்தான் என் கை போகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பயமாக இருந்தது.

திங்கட்கிழமை சாரிடம் போய், "நான் பேரையூர் போய் நேர்ல பாத்து வரையிறேன் சார்" என்றேன்.

"இந்த வெயில்ல நீங்க எதுக்கும்மா? பூச்சியப் பிடிச்சுப் பாட்டில்ல கொண்டாரச் சொல்லிறலாமே."

"இல்ல சார். அது செடியில இருக்கிறப்பப் பாக்கணும்."

அவர் காலண்டரைப் பார்த்தார். "பங்குனிக்கு மேல காட்டுல செடி இருக்காது. அதுக்குள்ள முடிக்க முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

3. மரவட்டை

பேச்சியம்மாள் காட்டுக்குத்தான் போனேன். வேறு காட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் முழிக்காமல் வரைந்தால் அந்தப் படம் சரியாக வராது என்று பட்டது.

அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஓர் இலையைத் திருப்பிக் காட்டி, "இந்தா இருக்கான்" என்றார். கருப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் பொட்டு, முள்முள்ளாக முடி, ஆறு கால். முதலைக் குட்டியைச் சுண்டைக்காய் அளவுக்குக் குறுக்கியதுபோல் இருந்தது. நான் பென்சிலை எடுப்பதற்குள் இலையின் அடிப்பக்கம் ஓடிவிட்டது.

வரப்பில் உட்கார்ந்து குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரைந்தேன். வியர்வை தாளில் சொட்டியது. ரப்பர் வைத்து அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிவிட்டது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் பின்னால் வந்து நின்றார்கள். பின்னால் ஆள் நின்றாலே எனக்குக் கை ஓடாது. ஆபீசில் என் மேஜை சுவரைப் பார்த்திருக்கும்.

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தார். "இது என்னம்மா, மரவட்டையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருமங்கலம் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன்.

எங்கள் வீடு டவுனுக்குள், பழைய அரண்மனையான மகாலுக்குப் பின்னால். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். என் கணவருக்குச் சேலை மொத்த வியாபாரம். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார். வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று அன்று ராத்திரி அவரிடம் சொன்னேன். நாங்கள் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

"தாராளமா விடு. ஆனா பங்குனி கழிச்சு விடு" என்றார்.

"ஏன்?"

"செடி இருக்கிற வரைக்கும் போயிட்டு வா. படம் வரலைன்னா, செடியே இல்லை, நான் என்ன பண்ணன்னு சொல்லிக்கலாம். இப்ப விட்டா அதுகூடச் சொல்ல முடியாது."

ஆறுதலா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுநாள் காலை டிபன் பாக்ஸை அவரே கட்டி வைத்திருந்தார்.

4. கால்கள் மட்டும்

வாரத்துக்கு மூன்று நாள் போனேன். ரப்பரை வீட்டில் வைத்துவிட்டேன். பென்சிலுக்குப் பதில் பால்பாயின்ட் பேனா. தப்பு விழுந்தால் விழுந்ததுதான், பக்கத்தில் புதிதாகப் போட வேண்டும். முதல் வாரம் கால்கள் மட்டும் போட்டேன். எங்கே மடங்குகிறது, எந்தக் கால் முன்னே போகிறது, நிற்கும்போது எது தூக்கியிருக்கிறது. இரண்டாம் வாரம் முதுகு. கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா பார்ப்பது, பிறகு பார்க்காமல் போடுவது, மறுபடி பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஒரு கண்ணாடி பாட்டிலில் இலையோடும் அசுவினியோடும் இரண்டு குஞ்சுப்புழுக்களைக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் ஒன்று இலையில் வாலை ஒட்டிக்கொண்டு அசையாமல் சுருண்டது. செத்துவிட்டது என்று நினைத்தேன். அது கூட்டுப்புழு. சில நாள் கழித்து, நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, அதன் முதுகு பிளந்து வெளிர் மஞ்சளாக ஒரு வண்டு வெளியே வந்தது. பொட்டே இல்லை. ஒரு மணி நேரத்தில் மெல்ல மெல்லப் பொட்டு ஏறியது. கடைக்குக் கிளம்பிய கணவர் செருப்போடு திரும்பி வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். பதினான்கு வருடம் பூச்சிப் படம் போட்டவள், ஒரு பூச்சி பிறப்பதை அன்றுதான் பார்த்தேன்.

காட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் எனக்குப் பரீட்சை நேரம். படத்தை நீட்டி, "இது யாரு?" என்று மட்டும் கேட்பேன். பெண்கள் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார்கள். மரவட்டை, பல்லி, ஒருநாள் கருவாடு. மாசிக் கடைசியில் ஒருநாள் பேச்சியம்மாள் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"ஆளு அவந்தான். ஆனா சரோசாம்மா, தலைய வெளிய நீட்டிக்கிட்டுப் போட்டிருக்கீங்க. அவன் எந்நேரமும் அசுவினிக் கூட்டத்துக்குள்ளதான் மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கெடப்பான். சோத்துச் சட்டியில தலைய விட்டவன் மாதிரி."

போய்ப் பார்த்தேன். அப்படித்தான் கிடந்தது. பூச்சியை மட்டும் பார்த்திருந்தேன். அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அன்று முதல் இலை, அசுவினி, அதற்குள் முகம் புதைத்த குஞ்சுப்புழு எல்லாவற்றையும் சேர்த்தே வரைந்தேன். என் கை பழைய வேகத்தில் ஓடத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். பின்னால் ஆள் நிற்பதுகூட மறந்துபோயிற்று.

5. இரண்டு படங்கள்

பங்குனியில் தனசேகரன் சார் வரவழைத்த புத்தகம் வந்து சேர்ந்தது. பளபளவென்று கலர் போட்டோக்கள்.

"எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. இதையே போட்டுறலாமே" என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. எனக்கே மனசு ஊசலாடியது. "ரெண்டையும் அவங்ககிட்டக் காட்டுவோம் சார். அவங்க சொல்றதப் போடுவோம்" என்றேன்.

பயிற்சி எதற்கும் வராத பக்கத்து ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேரைப் பேச்சியம்மாள் கூட்டிவந்தார். சார் முதலில் புத்தகத்தைக் காட்டினார். வண்டின் போட்டோவை எல்லோரும் உடனே அடையாளம் சொன்னார்கள். பக்கத்தில் வைத்த என் வண்டுப் படம் அதற்கு முன்னால் உப்பிய பட்டாணி மாதிரி இருந்தது. ஒரு பெண் அதைச் சொல்லவும் செய்தார். முகம் கொடுத்துக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு குஞ்சுப்புழு. போட்டோவில் அது வெள்ளைப் பின்னணியில் தனியாக, பெரிதாக இருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அழகா இருக்கு, ஆனா எங்கிட்டு இருக்கும்னு தெரியலயே" என்றார் ஒருவர்.

நான் என் குஞ்சுப்புழுப் படத்தை விரித்தேன். முன்னால் நின்ற பெண் குனிந்தார். "அட, நம்ம காட்டுல இருக்கிற கருப்பு முள்ளுப் பூச்சி! அசுவினியத் திங்கிதுடி. ஐயையோ, நேத்துக்கூட நாலு நசுக்கினேனே!"

பேச்சியம்மாள் திரும்பி ஒரு அதட்டல் போட்டார். "இனிமே நசுக்கிப்புடாதீங்கடி. அது நமக்குச் சம்பளம் வாங்காம வேல பாக்குது."

சார் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வண்டை மறுபடி வரைய எனக்கு இன்னும் ஒரு வாரம் கொடுத்தார்.

6. அதற்குப் பிறகு

புதிய சார்ட் அடுத்த விதைப்புக்கு முன் அச்சாகி ஊர்களுக்குப் போனது. அந்த வருடம் காய்ப்புழுவை நண்பன் என்று யாரும் விடவில்லை. பேச்சியம்மாள் என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் ஆபீசுக்கு வந்தால் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்.

இப்போது கம்ப்யூட்டரில் வேலை செய்யும் பிள்ளைகள் என்னிடம் வந்து, கை விட்டுப்போன கலையை எப்படித் திரும்பப் பிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குறை சொல்ல ஆள் இல்லாத இடத்தில் நான் பதினான்கு வருடம் சுகமாக இருந்தேன். குறை சொல்லும் ஆட்கள் இருக்கிற இடத்துக்குப் போய், மோசமான படங்களை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். மூன்று மாதம் வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

சார்ட் அச்சான மறுவாரம் தனசேகரன் சார் கூப்பிட்டார். "அடுத்து நெல்லுக்குப் பண்ணணும் சரோஜாம்மா. நல்ல புக்கு ஒண்ணு இருக்கு, தரட்டுமா?"

"புக்கு இருக்கட்டும் சார். மேலூர்ப் பக்கம் நடவு எப்பன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்ததும் மேலூருக்குப் போனேன். முழங்கால் அளவு சேற்றில் நின்று, நெல் தண்டைத் துளைக்கும் புழுவை வரைந்தேன். முதல் படம் மோசமாகத்தான் வந்தது. ஆனால் இந்தத் தடவை, அது மோசம் என்று யாரும் சொல்வதற்கு முன்னால் எனக்கே தெரிந்தது.