எட்டு போன்களுக்குத்தான் இடம்

எங்கள் வீட்டுக்கு இணையம் ஒரே ஒரு ஒயர் வழியாக வருகிறது. தாராவியில் எங்கள் சந்துக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஒயர்களில் எங்களுடையது எது என்று கேபிள்காரருக்கு மட்டும்தான் தெரியும். அது கதவுக்கு மேலுள்ள துளையில் நுழைந்து, இரும்பு ஏணிக்கு அடியில் இருக்கும் என் கம்ப்யூட்டரில் வந்து முடிகிறது. முன்பு நடுவில் ஒரு வைஃபை டப்பா இருந்தது. ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் ஒழுகி அது செத்துப்போனது. புதிது வாங்கும்வரை சமாளிக்க, கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர் ஒரு வழி காட்டிக் கொடுத்தார். ஒயரில் வரும் இணையத்தைக் கம்ப்யூட்டரே வீட்டில் உள்ள போன்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். செட்டிங்கில் ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டால் போதும்.

அதோடு ஒரு ஃபோல்டரையும் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்துவிட்டுப் போனார். மேல்தளத்தை நாங்கள் மாலா என்போம். அங்கே என் கணவரும் கொழுந்தனும் பை தைக்கிறார்கள். தைத்து முடித்த பைகளைப் பட்டறை போனில் படம் எடுத்து அந்த ஃபோல்டரில் போடுவார்கள். நான் கீழே அதை எடுத்து, பின்னணியை வெள்ளையாக்கி, நீளம் அகலம் நிறம் எழுதி, விற்கும் தளங்களில் ஏற்றுவேன். எங்கள் பைகளுக்கு மட்டுமல்ல, பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நாலைந்து பேருக்கும் இதே வேலையைச் செய்து கொடுத்தேன்.

புது டப்பா வாங்கவே இல்லை. நெட்டுதான் வருகிறதே என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டரை அணைத்தால் மொத்த வீட்டுக்கும் நெட்டு நின்றுவிடும். நான் வேலையை முடித்து, கண் எரிந்து, ஒரு மத்தியானமாவது அதற்கு ஓய்வு கொடுக்கலாம் என்று அணைத்தால், ஏணி வாசலில் தலைகள் தெரியும். "நெட்டு பந்த் ஆயிருச்சே, சாலு பண்ணுங்க" என்று மேலிருந்து குரல் வரும். மே மாதத்தில் அந்தப் பெட்டி விடும் சூட்டில்தான் நான் சமைத்தேன். கரண்ட் போய் வந்தால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். குழம்பு அடுப்பில் இருக்கும்போது, குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும்போது, காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் எழுந்து போய் அந்தப் பொத்தானைத் தள்ளியிருக்கிறேன். மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நான் இருக்கும்போது எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கம்ப்யூட்டர் எட்டு போன்களுக்கு மேல் ஏற்காது. மாமனார், என் கணவர், கொழுந்தன், என் ஓரகத்தி, என் மகள், மகன், நான், பட்டறை போன் என்று எட்டும் நிறைந்திருந்தன. விருந்தாளி யாராவது வந்தால் மகன் போனைக் கொஞ்ச நேரம் வெட்டிவிடுவேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

அப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனார், புருஷன் வீடு இருக்கும் கல்யாண் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். கட்டிக்கொடுத்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. இரண்டு பைகளோடு வந்து, ஏணிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாமனார் டிவி சத்தத்தைக் குறைத்தார், பிறகு மறுபடி சத்தத்தைக் கூட்டினார். என் கணவர், மெஷின்களை ஓரம் தள்ளி மாலாவில் அவள் படுக்க இடம் செய்து கொடுத்தார். நான் அரிசியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

அவளும் எதுவும் சொல்லவில்லை. காலையில் எழுந்து பாத்திரம் துலக்குவாள், குழாய்த் தண்ணீர் பிடிப்பாள், பட்டறையில் நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பாள். என்னிடம் மட்டும் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. நான் கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். எனக்கும் அதைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை. பண்டிகைக்கு முந்தைய மாதம் அது. ஃபோல்டர் நிறையப் படங்கள் கிடந்தன. அவள் துயரத்தில் இருக்கிறாள், தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் என் மகள் வந்து, அத்தை தினமும் மத்தியானம் மாட்டுங்கா ஸ்டேஷன் வரை நடந்து போய் வருகிறாள் என்றாள். ஸ்டேஷனில் இலவச வைஃபை கிடைக்கும். கூட்டத்தில் தூணோரம் நின்று போனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாளாம். அவள் போனுக்கு ரீசார்ஜ் முடிந்து நாளாகிறதாம். அவள் வீட்டு நெட்டில் சேரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாஸ்வேர்டு எங்கள் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கும். அவள் பார்த்துப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

அன்று அவள் திரும்பி வந்து தண்ணீர் எடுத்து வந்தபோது, வீட்டிலேயே நெட்டு இருக்கும்போது வெயிலில் எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் வந்தது ஒங்களுக்குப் பிடிக்கலேன்னா நேராச் சொல்லியிருக்கலாம் மைனி. பாஸ்வேர்டை மாத்திட்டு, பழசை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைக்க வேண்டாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் பாஸ்வேர்டை மாற்றினார்கள் என்றேன். வந்த அன்றே போட்டுப் பார்த்ததாகவும், இணைக்க முடியாது என்று வந்ததாகவும், மறுநாளும் அப்படியே வந்ததாகவும் சொன்னாள். நான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். திரையில் எட்டு போன்களின் பெயரும் வரிசையாக இருந்தன. எட்டுக்கு எட்டு என்று காட்டியது. வேலை நெருக்கடியில் நான் இதை மறந்தே போயிருந்தேன். ஒன்பதாவதாக யார் வந்தாலும் இது கதவைச் சாத்திவிடும், ஏன் என்றும் சொல்லாது, இதில் என் கை இல்லை என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"அங்கன அவிய வேலைக்குப் போகும்போது வைஃபை டப்பாவோட ப்ளக்கைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிருவாவ. ரீசார்ஜும் பண்ண மாட்டாவ. சாயங்காலம் வந்து மாட்டுவாவ. நான் யார்கிட்ட என்ன பேசிரப் போறேன்னு. ரெண்டு வருஷமா இப்படித்தான். இங்கனயும் கனெக்ட் ஆவலேன்னதும் எனக்கு என்ன தோணும், சொல்லுங்க."

ரெண்டு வருஷமாக அவள் வாட்ஸ்அப்பில் பதில் போடுவதெல்லாம் இருட்டிய பிறகுதான் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. பெரிய வேலை வெட்டி உள்ளவள் மாதிரி, மரியாதை தெரியாதவள் என்று நானும் ஓரகத்தியும் பேசியிருக்கிறோம்.

யாருடைய போனை எடுப்பது என்று யோசிக்கக்கூட எனக்குச் சலிப்பாக இருந்தது. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு, ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லி, அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. வரிசையில் என் போன் பெயரைத் தேடி அதை நீக்கினேன். அவளைப் பாஸ்வேர்டு போடச் சொன்னேன். உடனே இணைந்தது. வந்து குவிந்த செய்திகளின் சத்தத்தில் அவளே கொஞ்சம் பயந்துவிட்டாள். உங்கள் போனுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

அது எனக்கு ஒரு சுகமாகவே ஆகிப்போனது. அடுப்படியில் நிற்கும்போது எந்தப் பட்டறைக்காரரும் படம் ஏறியதா என்று செய்தி அனுப்பி என்னை இழுக்க முடியவில்லை. அவசரம் என்றால் போன் செய்தார்கள். பெரும்பாலும் அவசரம் எதுவும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

நாத்தனாருக்கு வேலை தேட வேண்டும். அதுவரை என் வேலையில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டாள். ஏணி ஏறும் இடத்தில் மாலாவின் தரையில் ஒரு சதுரத் திறப்பு இருக்கிறது. நெட்டு அதன் வழியாகத்தான் மேலே ஏறும், ஓரமாகப் போனால் சிக்னல் செத்துவிடும். அவள் அந்தத் திறப்பின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பொது ஃபோல்டரைப் போனில் திறந்து, நிறமும் அளவும் எழுதிப் போடுவாள். நான் கீழே படத்தைச் சுத்தம் செய்வேன். இரண்டு பேரும் ஒரே கோப்பைத் திறந்துவிட்டால் யாராவது ஒருவர் எழுதியது போய்விடும். அதனால் நான் மூடிய பிறகு சத்தம் கொடுப்பேன், அவள் திறப்பாள். பல நாட்கள் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது, அவளுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் வந்தார். மாமனார்தான் வரச் சொல்லியிருந்தார். பெண் பிள்ளை எத்தனை நாள் இங்கேயே இருக்க முடியும், என்ன மனஸ்தாபம் இருந்தாலும் பேசித் தீர்த்துக் கூட்டிப் போகட்டும் என்பது அவர் எண்ணம். டப்பா விஷயம் அவருக்குத் தெரியாது. நான் என் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் அதைத் தன் அப்பாவிடம் சொல்லவில்லை. சங்கடமாக இருந்திருக்கும்.

வந்தவர் இஸ்திரி போட்ட சட்டையில் நன்றாகத்தான் இருந்தார். இனிப்புப் பெட்டி கொடுத்தார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி என் கம்ப்யூட்டர் நாற்காலி. அதில் அவரை உட்கார வைத்தோம். நாத்தனார் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். ரயில் கூட்டம், ஐரோலியில் அவருடைய ஆபீஸ், தண்ணீர்ப் பிரச்சினை என்று பேச்சு எங்கெங்கோ சுற்றியது. எங்கள் சந்துக்குள் போனில் பேசலாம், மொபைல் நெட்டு வராது. அவர் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அக்கா, ஆபீஸ்ல இருந்து ஒரு மெயில் வரணும். ஒங்க வைஃபை கனெக்ட் ஆவ மாட்டேங்கு."

எட்டும் நிறைந்திருக்கிறது என்றேன். மாமனாருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. மாப்பிள்ளைக்கு யாராவது இடம் விடக்கூடாதா என்று அதட்டினார். என் மகன் வழக்கம்போல முகத்தைத் தூக்கினான். அதற்குள் ஏணிப்படியிலிருந்து நாத்தனார் சொன்னாள்.

"என் போனை எடுத்திருங்க மைனி. அவியளுக்கு அதுதான வேணும்."

நான் மவுஸைப் பிடிக்க எழுந்தவள் அப்படியே நின்றேன். மாமனார் என்ன பேச்சு இது என்றார். அவள் சொன்னாள். என்னிடம் அழுது சொன்னதை அவரிடம் அழாமல் சொன்னாள். நடுவில் அவர் மருமகனைத் திரும்பிப் பார்த்தார், இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தது போல. மருமகன் சிரித்தார்.

"ப்ளக்கைத்தான மாமா எடுத்துட்டுப் போனேன். அடிச்சேனா? குடிச்சேனா? பொம்பளை நாள் பூரா போன்ல கிடந்தா எந்த வீட்டுல சும்மா இருப்பாவ?"

மாமனாரே நாள் முழுக்கப் போனில் செய்தி பார்ப்பவர். அது அவர் மனதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கடைசியில், சாப்பாடு தயாராக இருக்கிறது, மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு வெயில் தாழக் கிளம்பட்டும் என்று என்னிடம் சொன்னார். மகளை அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் இலை போட்டேன். நாத்தனார் மேலே ஏறிப் போய்விட்டாள். அவள் புருஷன் ரசம் வரை நிதானமாகச் சாப்பிட்டார். போகும்போது, யோசித்துச் சொல்லுங்கள் மாமா என்றார். கதவுவரை என் கணவர் போனார்.

அந்த வாரமே என் கணவர் காட்கோபருக்குப் போய் ஒரு வைஃபை டப்பா வாங்கி வந்தார். ஏன் இப்போது என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு வருஷம் சொல்லியும் வாங்காததற்கு ஒரு சண்டை பாக்கி இருந்தது. போடத் தெம்பில்லை. ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவி டப்பாவில் செருகியபோது எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இப்போது எத்தனை போன் வேண்டுமானாலும் இணையும். டப்பாவில் சிவப்பு விளக்கு எரிந்தால் கூப்பிடுவது மட்டும் இன்னும் என்னைத்தான்.

நாத்தனாருக்கு செம்பூரில் ஒரு ஆன்லைன் கடையின் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. வந்த ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்துப் பெட்டியில் கட்டுகிறார்கள். காலையில் பஸ் பிடித்துப் போய் இருட்டியபின் வருகிறாள், கால் வீங்கியிருக்கிறது. புருஷன் வீட்டுப் பக்கத்திலிருந்து இன்னும் யாராவது வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். மாமனார் எல்லோருக்கும் டீ கொடுக்கச் சொல்கிறார், முடிவாக எதுவும் சொல்வதில்லை. வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஒருமுறை என்னிடம் சொன்னாள். போகலாம் என்றேன். இன்னும் போகவில்லை. அவளுக்கு லீவு கிடைக்கும் நாளில் எனக்கு வேலை இருக்கிறது.

அவள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த நிறமும் அளவும் மறுபடி என் தலையில் விழுந்துவிட்டன. போன ஞாயிறு அவள் மத்தியானம் வரை மாலாவில் தூங்கினாள். தாண்டிப் போக முடியவில்லை, எழுப்புங்கள் என்று ஓரகத்தி கீழே வந்து சொன்னாள். தூங்கட்டும், சுற்றிக்கொண்டு போ என்றேன். அவள் ஏதோ முனகிக்கொண்டே ஏறினாள். நான் சப்பாத்திக்கு மாவு பிசையத் தட்டை எடுத்தேன்.