தவராஜா டுபாயில் இறங்கினார்

தவராஜா உலகம் சுற்றியவர். லுசேர்ணில் அவரைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் பகிடி பண்ணுவார்கள். லண்டன் போயிருக்கிறார்; அங்கே பார்த்தது ஹரோவில் ஒரு கலியாண மண்டபம். பாரிஸ் போயிருக்கிறார், அங்கே பார்த்தது லா சப்பலில் ஒரு சீலைக் கடையும், அதன் முன்னால் கார் விட இடமில்லாமல் பட்ட பாடும். கனடாவுக்குக்கூட ஒரு தடவை போனார், செத்தவீட்டுக்கு. நயாகரா எந்தப் பக்கம் என்று கேட்க வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். செத்தவீட்டுக்கு வந்தவன் அருவி பார்க்கப் போனானாம் என்று ஒரு கதை கிளம்பினால், அது அவர் திரும்பி வருவதற்கு முன்னமே லுசேர்ணுக்கு வந்து சேர்ந்துவிடும். காரணம் ஒன்றும் இல்லாமல், சும்மா, ஓர் ஊரைப் பார்க்கவென்று போவது எங்கள் சனத்துக்குத் தெரியாத தொழில்.

அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அந்த ஆசை வேலை இடத்தில் வந்தது. அகதியாக வந்த புதிதில் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவ நின்றவர், இன்றைக்கும் அதே குசினிதான். இப்போது சாலட் மேசை அவருடைய பொறுப்பு. கோடை வந்தால் அந்த ஹோட்டலை வளைகுடாக்காரர்கள் நிறைத்துவிடுவார்கள். மழை தூறினால் போதும், தாய் தகப்பன் பிள்ளைகள் எல்லாரும் வெளியே ஓடிப்போய் நின்று நனைவார்கள். ‘மழையைப் பாக்கக் காசு குடுத்து வருதுகள், இதுகள் விட்டிட்டு வாற ஊர் எப்பிடி இருக்கும்?’ என்று தவராஜா வெள்ளரிக்காயைச் சீவிக்கொண்டே யோசிப்பார். இடைவேளையில் போனை எடுத்தால் டுபாய்தான். குறைந்த செலவில் டுபாயைப் பார்ப்பது எப்படி என்று யார் யாரோ போட்ட வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, எந்தப் படகு எந்தத் துறையிலிருந்து வெளிக்கிடும் என்பதுவரை அவருக்கு மனப்பாடம்.

ஆசை அந்த அளவில் கிடந்தது. வருகிற லீவெல்லாம் யாராவது ஒருவரின் நல்லது கெட்டதுக்குப் போய்விடும். பிறகு, ஊரில் அக்காவுக்குக் காய்ச்சல் என்று கதை வந்தது.

அக்கா தில்லைநாயகி. தாய் செத்த பிறகு தவராஜாவைத் தூக்கி வளர்த்தது அவர்தான். தம்பி ஐரோப்பா போய்ச் சேரும்வரை தனக்குக் கலியாணம் பேசவேண்டாம் என்று நின்றவர். சுவிஸ் பாஸ்போர்ட் கையில் வந்ததும் தவராஜா அவரை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார், விசா கிடைக்கவில்லை. அக்காவுக்கு இங்கே பார்க்கவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மாரி வந்தால் போனில் அழைத்து, “டேய், ஸ்னோவைக் காட்டு” என்பார். தவராஜா பல்கனிக் கதவைத் திறந்து நடுங்கிக்கொண்டு காட்டுவார். “தொட்டுக் காட்டு” என்பார். தொட்டும் காட்டுவார்.

இந்த முறை மாசியில் அழைத்தபோது அக்கா ஸ்னோவைக் கேட்கவில்லை. குரல் அடைத்திருந்தது. “எனக்கென்ன, சாதுவான காய்ச்சல். நீ அந்தரப்படாதை” என்றார். அக்காவின் மகள் வேணுகா போனை வாங்கி, “அம்மாவுக்கு ஒண்டுமில்லை மாமா, சாப்பாடுதான் குறைவு. ஏலுமெண்டால் ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ” என்றாள்.

எங்கள் சனத்தின் பழக்கம் ஒன்று இருக்கிறது, நல்ல பழக்கம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஊரில் ஒருவருக்குக் கடும் நோய் வருத்தமென்றால் வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்லமாட்டார்கள். பாவம், அவன் அங்கே தனியக் கிடந்து பதறுவான். வெளிநாட்டுக்காரன் வேலை போய் வீட்டில் இருந்தாலும் ஊருக்குச் சொல்லமாட்டான். பாவம், அதுகள் அங்கே யோசிக்குங்கள். இப்படி ஆளுக்காள் பாவம் பார்த்தே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போகும். தவராஜாவுக்கு இந்தப் பழக்கம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் ‘சாதுவான காய்ச்சல்’ என்றதை நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது.

மாசியில் ஹோட்டலில் சனம் குறைவு, லீவு உடனே கிடைத்தது. மகள் லக்சனா போனில் தட்டித் தட்டி டிக்கெட் பார்த்தாள். டுபாயால் போகிற விமானம்தான் மலிவு. “அப்பா, இடையிலை ரெண்டு நாள் நிண்டாலும் டிக்கெட் இதே விலைதான்” என்றாள். மனைவி பரமேஸ்வரி தவராஜாவின் முகத்தைப் பார்த்தார்.

“இஞ்சருங்கோ, நிண்டு பாத்திட்டுத்தான் போங்கோவன். இந்த வயசிலை இல்லாமல் இனி எப்ப?”

“அக்கா வருத்தமாக் கிடக்க நான் போய் அங்கை புதினம் பாக்கிறதே?”

“காய்ச்சல் எண்டு அவவே சொல்லுறா. ஊரிலை மட்டும் மூச்சு விடாதைங்கோ. டுபாயிலை நிக்கிறியள் எண்டு தெரிஞ்சால் ஒருத்தி சங்கிலி கேப்பாள், ஒருத்தன் போன் கேப்பான். வெறுங்கையோடை போனால் அதுக்கும் கதை. லீவு வியாழக்கிழமைதான் துவங்குது எண்டு சொல்லிவிடுங்கோ.”

யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். வேணுகாவுக்கு அழைத்து, முதலாளி விடுகிறாரில்லை, வியாழன் வந்துவிடுவேன் என்றார். வேணுகா போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ கேட்டாள். பிறகு, “சரி மாமா, அவசரமில்லை. நிண்டு வாங்கோ” என்றாள்.

செவ்வாய்க்கிழமை தவராஜா டுபாயில் இறங்கினார். பழைய கடைத்தெருக்கள் உள்ள தேய்ராவில், வாசனைத் திரவியம் விற்கிற ஒரு கடைக்கு மேலே, கட்டில் போட்டால் கதவு திறக்கச் சிரமப்படுகிற ஓர் அறை. குளித்துவிட்டுக் கீழே வந்து, ஒரு மலையாளியின் கடையில் கடதாசிக் கோப்பையில் ஏலக்காய்த் தேத்தண்ணி குடித்தார். அந்தத் தேத்தண்ணிக்கு லுசேர்ணில் என்ன விலை சொல்வார்கள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. இன்னொன்று வாங்கிக் குடித்தார்.

பிறகு படகு. கழிமுகத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு திர்ஹம். கோபுரம் கட்டி, கடலுக்குள் தீவு கட்டி வைத்திருக்கிற ஊரில், ஒரு சில்லறைக் காசுக்குப் படகு விடுகிறார்கள். மரப்பலகையில் வங்காளித் தொழிலாளர்களுக்கு நடுவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அந்தக் கரையில் இறங்கி, அடுத்த படகில் ஏறித் திரும்பி வந்தார். திரும்பவும் போனார். காசு வாங்குகிறவன், “எங்கே போகவேண்டும்?” என்று ஹிந்தியில் கேட்டான். தவராஜா கையை விரித்துக் காட்டினார். அவனும் சிரித்தான். யாருடைய கலியாணத்துக்கும் இல்லாமல், யாருடைய சாவுக்கும் இல்லாமல், தவராஜா தன்பாட்டில் தண்ணீரில் போய்வந்துகொண்டிருந்தார். சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அந்த மனிதர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் கொஞ்சம்தான்.

பின்னேரம் அறைக்கு வந்து இணையம் கிடைத்ததும் போன் சிணுங்கியது. வேணுகா எழுதியிருந்தாள்: ‘மாமா, லீவைக் கொஞ்சம் முந்தி எடுக்க ஏலாதோ?’

‘ஏன் பிள்ளை, அக்காவுக்குக் கடுமையோ?’

பதில் வரச் சுணங்கியது. ‘இல்லை மாமா. உங்களைத் தேடுறா, அதுதான் கேட்டனான்.’

கட்டிலில் இருந்தபடி யோசித்தார். டிக்கெட்டை மாற்றலாம், கொழும்புக்கு விமானம் எந்த நேரமும் இருக்கிறது. ஆனால் நாளைக்கே போய் நின்றால், லீவு எப்படித் திடீரென்று கிடைத்தது என்று கேட்பார்கள். என்ன சொல்வது? ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று தேவைப்பட்டது, அது அவருக்கு வரவில்லை. கடுமை இல்லையென்றுதானே சொல்கிறாள். ‘முதலாளி விடுறாரில்லை. வியாழன் வந்திடுவன், அக்காவிட்டைச் சொல்லு’ என்று எழுதிவிட்டுப் படுத்தார்.

புதன்கிழமை ஓட்டுநர் இல்லாத ரயிலில் ஏறி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு போனார். உயரக் கோபுரத்தின் அடியில் நின்று கழுத்து நோக மேலே பார்த்தார். மேலே ஏறக் காசு, கீழே நின்று பார்க்கக் காசு இல்லை. பெரிய கடைத்தொகுதி ஒன்றுக்குள் ஒரு கண்ணாடிச் சுவர், அதற்குப் பின்னால் பனிமலை. உண்மைப் பனி. வெளியே வெயில், உள்ளே பிள்ளைகள் தடித்த உடுப்புப் போட்டுச் சறுக்குகிறார்கள். தவராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாரி முழுக்க உப்புப் போட்டு வழித்து ஒதுக்குகிற சாமானை இவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறார்கள்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அக்காவுக்குச் சுவிஸ் விசா கிடைக்காது. டுபாய்க்குக் கிடைக்கும். அக்காவை இங்கே கூப்பிட்டால் என்ன? குளிரவும் குளிராது. கண்ணாடிக்கு முன்னால் இருக்க வாங்கு போட்டிருக்கிறார்கள், அதில் இருந்து நாள் முழுக்க ஸ்னோ பார்க்கலாம், ஒருவரும் எழும்பச் சொல்லமாட்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து தவராஜா டுபாயைத் தனக்காகப் பார்க்கவில்லை. படகுத்துறைக்குத் திரும்பிப்போய், முழங்கால் ஏலாத ஒருவரைப் படகில் இறக்கக் கைபிடி இருக்கிறதா என்று பார்த்தார். மின்தூக்கி உள்ள அறைகளை விசாரித்தார். பனியை ஒரு நீண்ட வீடியோவாக எடுத்து வைத்தார். அக்காவின் கட்டிலருகில் இருந்து, ‘பாரக்கா, சுகமாகும், அடுத்த வரியம் இஞ்சை போறம்’ என்று காட்டவேண்டும். டுபாயில் நின்றதை அக்காவுக்கு மட்டும் சொல்லிவிடலாம். அக்கா ஏசமாட்டா.

வியாழக்கிழமை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வேணுகாவின் புருஷன் கோபிசன் வான் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். “அக்கா எப்பிடித் தம்பி?” என்று கேட்டார். “நித்திரை மாமா” என்றான். அனுராதபுரத்தில் சாப்பிட இறக்கினான், தான் சாப்பிடவில்லை. தவராஜா இரண்டு கொத்துரொட்டி சொல்லி, அவனுடையதையும் சேர்த்துத் தின்றார்.

பொழுதுபட ஒழுங்கைக்குள் வான் திரும்பியபோது, வேலி நெடுக வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தன.

அக்கா முதல்நாள் போய்விட்டார். தம்பி வரும்வரை என்று பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். புதன்கிழமை என்றார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்ற நேரமாக இருக்கலாம், கைபிடியைத் தடவிப் பார்த்த நேரமாக இருக்கலாம். சரியாக எப்போது என்று கேட்க அவருக்குத் துணிவு இல்லை. வாய்க்கரிசி போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

எல்லாம் முடிந்து, பந்தல் பிரித்த பிறகு வேணுகா பக்கத்தில் வந்து இருந்தாள்.

“அம்மா கடைசிவரையும் உங்களைத்தான் கேட்டவ மாமா. நான் திரும்ப உங்களுக்கு எழுதப்போக விடேல்லை. பாவம், அவன்ரை முதலாளி ஏசுவான், ஆய்க்கினைப்படுத்தாதை எண்டவ.”

பந்தல் கயிறொன்றைச் சுருட்டியபடி வேணுகா தொடர்ந்தாள்.

“டொக்டர் நீங்கள் வாறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே கையை விரிச்சிட்டார். நீங்கள் லீவு இல்லையெண்டதாலைதான் நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. சொன்னால் வரவும் ஏலாமல் அங்கை நிண்டு பதறுவியள். லீவு இருக்கெண்டு தெரிஞ்சிருந்தால் உடனை வாங்கோ எண்டு சொல்லியிருப்பம் மாமா. அம்மாவோடை கதைச்சிருப்பியள்.”

சொல்லிவிட்டு அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவருக்காக. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் டுபாயில் நின்றேன் பிள்ளை, படகில் போய்வந்துகொண்டு நின்றேன் என்று சொல்ல வாய் திறந்தார். வரவில்லை.

லுசேர்ணுக்குத் திரும்பிய அன்றைக்குப் பனி கொட்டியிருந்தது. பரமேஸ்வரி ஸ்டேஷனில் காத்து நின்றார். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, முன்னால் இருந்துகொண்டு விரல்களை நெரித்தார். இரண்டு கிழமையாக அவர் நித்திரை கொள்ளவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

“நான்தானே நிக்கச் சொன்னனான். பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். உள்ளதைச் சொல்லி நேர போயிருந்தால், அக்காவை உயிரோடை கண்டிருப்பியளோ?”

தவராஜா தேத்தண்ணியைப் பார்த்தார். வேணுகா சொன்னது நாக்கின் நுனியில் நின்றது. அதைச் சொன்னால் இந்தப் பாரத்தில் பாதி இறங்கும். அந்தப் பாதி எங்கே போய் ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும்.

“இல்லையப்பா. காய்ச்சல்தான், சடுதியா முடிஞ்சுது. அவையளுக்கே தெரியாது. நேர போயிருந்தாலும் காணேலாது. நீர் அதை யோசியாதையும்.”

பரமேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு விட்ட மூச்சு அது. கொஞ்ச நேரம் போக, தவராஜாவுக்கு ஆறுதலாக ஏதாவது கேட்கவேண்டும் என்று நினைத்திருப்பார்.

“அங்கை எடுத்த படங்களைக் காட்டுங்கோவன்.”

தவராஜா போனை எடுத்துக் கொடுத்தார். படகு வந்தது, கோபுரம் வந்தது. பிறகு கண்ணாடியும் பனியும் வந்தன. வீடியோ முடிகிறபாடாய் இல்லை. பரமேஸ்வரி யன்னலுக்கு வெளியே பார்த்தார், திரும்பப் போனைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உதைப் பாக்கவோ அவ்வளவு தூரம் போனனீங்கள்? உதென்னத்துக்கு இவ்வளவு நீட்டுக்கு எடுத்து வைச்சிருக்கிறியள்?”

“அக்காவுக்குக் காட்ட” என்றார் தவராஜா.