இடப்பக்கம் டெக்சாஸ், வலப்பக்கம் மெக்சிகோ

1997 நவம்பர் 26, புதன்கிழமை, காலை ஐந்தரை மணி. ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு ஊரே வான்கோழி வாங்கிக்கொண்டிருந்தது. நானும் என் வீட்டுக்காரர் ஆரோக்கியமும் ரியோ கிராண்டே ஆற்றில் துடுப்புப் போடப் போகிறோம். பிள்ளைகளை சர்ச்சில் பழக்கமான ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டில் விட்டபோது, பெரியவள் வாசலில் நின்று, "மாம், யூ கான்ட் ஈவன் ஸ்விம்" என்றாள். "அதுக்குத்தான்டி லைஃப் ஜாக்கெட்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

சான் அன்டோனியோ தாண்டி தொண்ணூறாம் நம்பர் சாலையைப் பிடித்தால் அப்புறம் வளைவே கிடையாது. டெல் ரியோவில் பெட்ரோல் கேலன் ஒரு டாலர் பத்தொன்பது சென்ட். அதற்குப் பிறகு முள்செடியும் ரயில் பாதையும் வானமும்தான். ஐந்நூற்று எழுபது மைல் ஓட்டி, சாயங்காலம் மாரத்தான் என்கிற சின்ன ஊரில் இறங்கினோம். படகு வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் சுந்தரும் மாலதியும் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார்கள்.

இந்தப் பயணமே சுந்தர் கிளப்பிவிட்டதுதான். டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறான், லாஸ் கொலினாஸில் கம்ப்யூட்டர் வேலை. மாலதி மாம்பலத்துப் பெண். அவர்கள் ஹூஸ்டனில் இருந்த காலத்தில் ஹில்கிராஃப்ட் தெரு மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது பழக்கமானார்கள். இன்றுவரை என்னை அக்கா என்றும் இவரை அண்ணா என்றும்தான் கூப்பிடுகிறார்கள். சுந்தருக்கு ஒரு வருஷமாக ஒரே பைத்தியம்: எடை குறைப்பது. அவன் உடம்பு எடை இல்லை, சாமான் எடை. பல் துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக வெட்டிவிட்டான். சட்டையில் தைத்திருந்த லேபிளைப் பிய்த்துவிட்டான். வரைபடத்தின் ஓரத்து வெள்ளைத் தாளைக்கூடக் கத்தரித்திருந்தான்.

நாங்களோ இந்தியாவுக்குப் போகிற மாதிரி கட்டிக்கொண்டு போயிருந்தோம். எங்களுக்குத் தெரிந்த மூட்டை கட்டுதல் அது ஒன்றுதானே? ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு எழுபது பவுண்டு, குளியலறை எடை மெஷினில் ஏற்றி ஏற்றி அறுபத்தொன்பதே முக்காலில் நிறுத்துவது. மிச்சம் விட்டால் நஷ்டம் என்று பழகிய கை. படகுக்காரி வாண்டா, ஐம்பது வயதுக்காரி, தரையில் நீலத் தார்பாய் விரித்து எங்கள் பையைக் கொட்டினாள். பிரஷர் குக்கர் உருண்டு அவள் காலடியில் நின்றது. இட்லித் தட்டும் உள்ளேயே இருந்தது.

"இது படகு, லாரி இல்லை" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "கவிழ்ந்தால் மீன் வந்து இதையெல்லாம் பொறுக்கிக் கொடுக்காது."

"மூணு நாளைக்குச் சாப்பிட வேண்டாமா?" என்றார் இவர்.

"நான் கொண்டுவந்திருக்கேன் அண்ணா," என்று மாலதி ஒரு பையைத் திறந்தாள். அவல், சத்துமாவு, பருப்புப்பொடி. கேமரா பிலிம் வரும் குட்டி டப்பாக்களில் உப்பு, மிளகாய்ப்பொடி, ஆவக்காய், நெய். எல்லாம் சேர்த்து ஒரு கைக்குழந்தை கனம்கூட இல்லை.

சுந்தர் பெருமையோடு எடுத்துக் காட்டியது ஒரு சோப்பு டப்பா. அதுதான் ரிப்பேர் பெட்டி. பென்சில் துண்டில் சுற்றிய சாம்பல் நிற டேப், இரண்டு குட்டி டியூபில் எபாக்ஸி பசை, கண்ணாடி இழைத் துணியில் நாலு துண்டு, உப்புத்தாள், ஸ்பிரிட் நனைத்த துடைதுணி, ஊசி, நூலுக்குப் பதிலாகப் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் இழை, செம்புக் கம்பி. மொத்தம் பதினோரு அவுன்ஸ் என்றான்.

"வீட்டுல ஒரு பக்கெட் பாக்கி இல்ல அக்கா," என்றாள் மாலதி. "உடைக்கறார், ஒட்டறார். ஒட்டினதை மறுபடி உடைக்கறார். குளிக்க தண்ணி பிடிச்சா நாலு பக்கமும் பீச்சி அடிக்குது."

படகு எடுக்கும்போதும் எடைதான். எழுபத்தைந்து பவுண்டு பிளாஸ்டிக் படகை வாண்டா சிபாரிசு செய்தாள். அது பாறையில் மோதினால் வளைந்து நிமிரும். சுந்தர் நாற்பத்தெட்டு பவுண்டு கண்ணாடி இழைப் படகைத்தான் எடுப்பேன் என்று நின்றான். எங்களுக்குக் கனமானது, அவர்களுக்கு லேசானது. நாளைக்கு முப்பத்தைந்து டாலர், இரண்டுக்கும் ஒரே வாடகை.

கடைசியாகச் சுந்தர் ஒரு கேள்வி கேட்டான்: "நாங்க எந்தக் கரையில தூங்கணும்?"

ஆற்றோடு போகும்போது இடக்கை டெக்சாஸ், வலக்கை மெக்சிகோ. மணல் நன்றாக இருக்கும் பக்கம் தூங்குங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள் வாண்டா. சுந்தர் முகம் மாறிவிட்டது. விஷயம் இதுதான். எங்களுக்குக் கிரீன் கார்டு எப்போதோ வந்துவிட்டது, அவனுக்கு இன்னும் வரவில்லை. அவனுடைய ஆறு வருஷ விசா பிப்ரவரியில் முடிகிறது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, ஜனவரியில் இன்டர்வியூ. இடையில் முன் அனுமதி வாங்காமல் நாட்டுக்கு வெளியே கால் வைத்தால் விண்ணப்பமே கைவிட்டதாகிவிடும் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். கார்டு போனால் பிப்ரவரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

"இடது கரையிலயே போவோம், இடது கரையிலயே தூங்குவோம். அவ்வளவுதானே?" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

நவம்பர் 27, வியாழன். தொண்ணூறு மைல் தள்ளி ரியோ கிராண்டே வில்லேஜ் என்னும் இடத்தில் வாண்டா எங்களை ஆற்றில் இறக்கினாள். இங்கிருந்து லா லிண்டா வரை முப்பத்துமூன்று மைல். நடுவில் சாலை இல்லை, வீடு இல்லை, போன் இல்லை. சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு லா லிண்டாவில் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மாடி, அந்த மலைப்பிளவுக்குள் நுழைந்ததைப் படிக்கிறவர்களுக்கு எப்படிச் சொல்வேன்? இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, ஹூஸ்டன் டவுன்டவுன் கட்டிடங்களை நெருக்கி நிறுத்தின மாதிரி. நடுவில் ஒரு கீற்று வானம். தண்ணீர் பால் குறைந்த டீ நிறம். துடுப்பிலிருந்து சொட்டும் சத்தம்கூடப் பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது. நான் சும்மா "ஓய்" என்றேன். பாறைக்குள்ளிருந்து நாலு பேர் எனக்குப் பதில் "ஓய்" என்றார்கள். அப்புறம் வழியெல்லாம் அதே வேலைதான். இரவு டெக்சாஸ் மணலில் அவல் உப்புமா. "இத்தனை லேசா சாப்பிட்டா நாளைக்குப் படகு வேண்டாம், நானே மிதப்பேன்" என்றார் இவர்.

நவம்பர் 28, வெள்ளி, பகல் பன்னிரண்டு இருக்கும். ஆறு வலப்பக்கம் வளைந்தது. ஆழமான தண்ணீர் வலப்பக்கமாக நாக்கு நீட்டிக்கொண்டு ஓடியது. நாங்கள் அதில் ஏறி ஜம்மென்று வழுக்கிப் போனோம். திரும்பிப் பார்த்தால் சுந்தர் படகை டெக்சாஸ் பாறையை உரசுவதுபோல் இடப்பக்கமே ஓட்டி வருகிறான். அங்கே நுரைக்கு அடியில் கல். தேங்காய் உடைந்த மாதிரி ஒரு சத்தம்.

படகு நிரம்பிச் சாய்ந்தது. ஓட்டம் அதை அப்படியே இழுத்து வலது பக்க மணல்திட்டுக்குக் கொண்டுவந்தது. எதிர்க்கரை முழுக்கச் செங்குத்துப் பாறை, ஒரு பூனை நிற்க இடமில்லை. மாலதி கயிற்றோடு குதித்தாள். செருப்பு ஆற்றோடு போனது. அவள் இழுத்த இழுப்பில் படகு மணலில் ஏறியது. நாங்களும் வந்து சேர்ந்தோம். அடிப்பாகத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. சாமான் பைகள் எல்லாம் கட்டியிருந்ததால் தப்பின.

சுந்தர் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றான்.

"ஏறி வா சுந்தர், நனைஞ்சு போயிருக்கே," என்றேன்.

"நான் இங்கயே நிக்கறேன் அக்கா. ஆறு ரெண்டு நாட்டுக்கும் பொது."

"ஏ சுந்தரு," என்றார் இவர். எங்கள் தூத்துக்குடிப் பேச்சு அவசரத்தில்தான் வெளியே வரும். "ஆத்துக்கு நடுவுலதாம்ல பார்டரு. நீ இப்பவே முக்காவாசி மெக்சிகோக்காரன்."

"தரையில கால் படல அண்ணா."

"பின்ன எதுல நிக்க? மீன் மேலயா?"

"தண்ணிக்கு அடியில இருக்கறது கணக்குல வராது."

அங்கே நின்றபடியே அவன் ரிப்பேர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான், கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் போனில் சொல்வார்களே, அந்த மாதிரி. "முதல்ல தொடைங்க. சின்னப் பாக்கெட்டைப் பிரிங்க. அது இல்ல அண்ணா, அது காயத்துக்குப் போடற பிளாஸ்திரி." இவர் ஈரத்தின் மேலேயே டேப்பை ஒட்டினார், அது உரிந்து தொங்கியது. மறுபடி ஒட்டினார், மறுபடி தொங்கியது. வெயில் பாறைக்கு மேலே ஏறிப் போய்விட்டது. காற்று சில்லென்று வீசியது. சுந்தருக்கு உதடு நீலம் பாரித்து, "உப்புத்தாள்" என்ற சொல்லே குழறிக்கொண்டு வந்தது. நான் ஆஸ்பத்திரி நர்ஸ். குளிரில் பேச்சு குழறினால் உடம்புச் சூடே இறங்குகிறது, உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

"போதும், ஏறு," என்று அதட்டினேன். தலையை ஆட்டினான்.

அப்போது மாலதி கேட்டாள், "சுந்தர், நான் எங்க நிக்கறேன்?"

"என்ன?"

"நான் எங்க நிக்கறேன்னு சொல்லுங்க."

"மணல்ல."

"எந்த ஊர் மணல்?"

அவன் அப்போதுதான் பார்த்தான். எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. விண்ணப்பத்தில் மனைவி என்று அவள் பெயரும் இருக்கிறது.

"நீ எதுக்கு இறங்கின?" என்றான், குரலே இல்லாமல்.

"படகு போயிடும்னு இறங்கினேன். வக்கீலைக் கேட்டுட்டா குதிப்பாங்க? பரவாயில்ல, உங்களுக்கு மட்டும் கார்டு வரட்டும். நீங்க அந்தக் கரையில நின்னு டாட்டா காட்டுங்க. நான் இங்கயே ஆடு மேய்ச்சுக்கறேன்."

இவர் பக்கென்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். சுந்தர் மாலதியின் வெறும் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். விரல் இடுக்கெல்லாம் மணல். பிறகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான்; கரையில் ஏறினான்; அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். பல் கிட்டிக்கொண்டே, "டேப்பைக் குடுங்க அண்ணா," என்றான். "நீங்க ஒட்டினது கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி இருக்கு."

முதலில் உலர்ந்த துணியும் சூடான சத்துமாவுக் கஞ்சியும் கொடுத்து, அவனைப் போர்த்தி உட்காரவைத்தேன். கை நடுக்கம் நின்ற பிறகுதான் சோப்பு டப்பாவைத் தொடவிட்டேன். அப்புறம் பார்க்க வேண்டுமே! பிளவைத் துடைத்து, ஸ்பிரிட் தடவி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தான். வெந்நீர்ப் பாத்திரத்தை உள்பக்கம் வைத்து அந்த இடத்தைச் சூடாக்கினான். பசையைக் குழைத்து இழைத் துணியை அதில் தோய்த்து, தோசைக்கல்லில் மாவு இழுக்கிற பதத்தில் மெதுவாகப் பரப்பினான். "பாத்தீங்களா, பக்கெட் வீண் போகல," என்றாள் மாலதி. இப்போது எல்லாரும் சிரித்தோம். குளிரில் பசை இறுக விடியும் வரை ஆகும் என்றான். அன்று நாங்கள் நாலு பேரும் மெக்சிகோவில் தூங்கினோம்.

நவம்பர் 29, சனி. தட்டிப் பார்த்தான், டங்கென்று கேட்டது. படகு ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அன்றைக்கு ஓட்டினான் பாருங்கள்! தண்ணீர் எந்தப் பக்கம் ஆழமோ அந்தப் பக்கம். அலை வந்த இடத்தில் மாலதி முன்னால் உட்கார்ந்து போட்ட கூச்சல் பாறையெல்லாம் எதிரொலித்தது. ஒரு மணிக்கெல்லாம் லா லிண்டா. வாண்டா ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கே தூங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு, சுந்தர் முகத்தைப் பார்த்து, "நான் கேட்கவே இல்லை" என்றாள்.

"யாரு பாத்தா? விட்டுத் தள்ளு," என்றார் இவர், திரும்பும் வழியில் வாண்டாவின் வேனில்.

"இன்டர்வியூல சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க அண்ணா. கேட்டா என்ன சொல்றது?"

மாரத்தானுக்குத் தெற்கே எல்லைக் காவலர் சோதனைச் சாவடி. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். ஆற்றிலிருந்து என்று மட்டும் சொன்னால் போதும், விட்டிருப்பார். சுந்தர் பாறையிலிருந்து பசை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் இறங்கிப் போய்ப் படகைப் பார்த்தார். திரும்பி வந்து, "இதை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், நான் முடிவு செய்கிற விஷயம் இல்லை" என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

மாரத்தான் பெட்ரோல் நிலையத்துக் கட்டணத் தொலைபேசியில் சுந்தர் வக்கீல் ஆபீசைக் கூப்பிட்டான். விடுமுறை, மெஷின்தான் பேசியது. "திஸ் இஸ் சுந்தர். ஐ ஹாவ் டு டெல் யூ சம்திங்" என்று ஆரம்பித்தவன், ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டே இருந்தான். மாலதி ரிசீவரைப் பிடுங்கினாள். "ஹலோ, மாலதி ஹியர். ஐ காட் டவுன் ஃபர்ஸ்ட். ஹீ கேம் ஆஃப்டர் மீ. ப்ளீஸ் ரைட் போத் நேம்ஸ்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் அவர்கள் இர்விங்குக்கும் நாங்கள் பேர்லேண்டுக்குமாகப் பிரிந்தோம். ஆறு ஓடும் சத்தம் சான் அன்டோனியோ வரை காதில் இருந்தது; அதற்குப் பிறகு ஃப்ரீவே சத்தம் அதை மூடிவிட்டது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வேலி. நடுவில் யார் இடம் எது என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது. மூன்று நாள் அப்படியொரு கோடு கண்ணில் படாமல் இருந்துவிட்டு வந்ததாலோ என்னவோ, அந்த வேலிகள் எனக்குப் புதிதாகத் தெரிந்தன.

செவ்வாய்க்கிழமை மாலதி போன் செய்தாள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்போம், ஆனால் உறுதி எதுவும் சொல்ல மாட்டேன் என்றாராம் வக்கீல்.

"பயமா இருக்காடி?" என்றேன்.

"இருக்கு அக்கா. நேத்து ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து நல்லா பயந்தோம்," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பின்னால் சுந்தர் சிரிப்பதும் எனக்குக் கேட்டது.