மாப்பிள்ளையின் இரும்புக் காப்பு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஒரு டாக்டர் என் வயிற்றைத் திறந்து, இரைப்பையில் கொஞ்சத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கிளிப் அடித்து அடைத்தார். அதற்கு முன் நான் ஏறினால் ரந்தாவ் ஊருக்குப் போகும் பஸ் ஒரு பக்கமாகச் சாயும். வீட்டுக்கு அனுப்பும்போது என் மணிக்கட்டில் ஒரு எஃகுச் சங்கிலியை மாட்டிவிட்டார். இந்த ஆளுக்கு இரைப்பை சிறியது, மூக்கு வழியாகக் குழாய் விடாதே, இன்ன இன்ன வலி மாத்திரை கொடுக்காதே என்று அதன் தகட்டில் ஆங்கிலத்தில் பொடியாக எழுதியிருந்தது. எங்காவது மயங்கி விழுந்தால் இதுதான் எனக்காகப் பேசும், கழற்றவே கூடாது என்றார்.

மாமியார் வீடு கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவரிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அது சோறு போட்டுப் போட்டுத்தான் நீங்க இப்படி ஊதிட்டீங்கன்னு எங்கம்மா நெனச்சிக்கும். ஒடஞ்சி போயிரும்லா."

உண்மைதான். "எங்க மாப்பிள ஒரு முழுக் கோழிய ஒண்டியா முடிப்பாரு" என்று தோட்டம் முழுக்கப் பெருமை பேசும் மனுஷி அவர். அவரைக் கலங்க வைக்க எனக்கும் மனம் வரவில்லை.

சில மாதம் கழித்துத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போனோம். இலையில் சோற்றைக் குவித்துவிட்டார் மாமியார். நான் மூன்று வாய் சாப்பிட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தேன். அவர் முகம் சுருங்கிப் போனது. பிறகு என் கையைப் பார்த்தார், இளைத்த உடம்பைப் பார்த்தார், பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள தீமிதிக்குக் காப்பு கட்டியிருக்காரு! அதான் வாயக் கட்டியிருக்காரு!"

காப்பு என்றால் மஞ்சள் கயிறுதானே என்று யாரும் கேட்கவில்லை. "டவுன்ல இப்ப இரும்புலயே கட்டுறாங்க போல" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி என் காலை மிதித்தாள்.

முதலில் சொர்க்கமாக இருந்தது. 'இன்னும் கொஞ்சம்' என்று யாரும் கரண்டியோடு துரத்தவில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகூட என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார். ஆனால் சாமி மெத்தையில் படுக்கக் கூடாதாம். சிமெண்டுத் தரையில் பாய் போட்டார்கள். அதற்குப் பிறகு மஞ்சள் வேட்டி வந்தது.

தீமிதி அன்று கோயில் திடலில் ரப்பர் விறகு தணலாகக் கனன்றுகொண்டிருந்தது. "கொஞ்ச தூரம்தானேங்க, வேகமா ஓடிருங்க" என்றாள் மனைவி. அவ்வளவு சின்ன வயிற்றிலும் பயத்துக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது.

என் முறை வந்ததும் பூசாரி கையைப் பிடித்தார். "சாமி, இரும்போட எறங்கக் கூடாது. சுட்டுரும். கழட்டுங்க, மஞ்சக் கயிறு கட்டிவுடறேன்."

கழற்றலாம்தான். ஆனால் நெருப்பில் விழுந்தால்தானே எனக்கு அது வேண்டும்? அவர் காதோரம் குனிந்தேன்.

"ஐயா, இது காப்பு இல்ல. ஆபரேசன் பண்ணி என் வயித்தச் சின்னதாக்கிட்டாங்க. நான் விழுந்துட்டா ஆஸ்பத்திரில தெரியணும்னு மாட்டினது."

பூசாரியின் கையில் மைக் இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் வயிற்றின் கதை நான்கு ஒலிபெருக்கிகளிலும் புறப்பட்டு பக்கத்து எண்ணெய்ப்பனைக் காடு வரை போனது. மேளம் நின்றுவிட்டது.

மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நான் போட்ட சோத்தாலயா மாப்பிள?"

"இல்ல அத்த. நீங்க ஒரு தட்டுதான் போட்டீங்க. மூணு தட்டு கேட்டு வாங்கினது நான்."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வாங்க வீட்டுக்கு. நெருப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று என்னை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்.

திருவிழா முடிந்து கோழி அடித்தார்கள். டீ சாசரில் எனக்குக் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு, ஒரு தட்டோடு எனக்கு எதிரே உட்கார்ந்தார் மாமியார். மாப்பிள்ளை முன்னால் மாமியார் சாப்பிடும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நான் எழுந்த பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டிருப்பார். நான் எங்கே மிச்சம் வைத்தேன்?

குழம்பிலிருந்து ஒரு தொடையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.